துப்பினால் கணக்கில் வருமா?

தமிழ்நாட்டில் பிறந்த எவனும் தன் பெயரை எழுதப் பழகுவதற்கு முன்பே 'ஒயின்ஸ்' என்ற வார்த்தையைப் படிக்கப் பழகியிருப்பான். கடைகள் தனியார் கையில் இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு சாமி பெயரைப் போட்டுப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'ஒயின்ஸ்' என்று போர்டு வைத்திருப்பார்கள். உள்ளே பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், ஊறுகாய்ப் பாக்கெட் இருக்கும், பழைய பாக்கித் தகராறு இருக்கும். ஒயின் மட்டும் இருக்காது.  1983ல் ஆரம்பித்த டாஸ்மாக் 2003ல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டபோது போர்டு மாறியது. வாய் மாறவில்லை. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டால், "ஒயின் ஷாப்புக்குப் பக்கத்து சந்து சார்" என்பார்.

அந்த ஷாப்புகளில் அரை நூற்றாண்டாகத் தலைமறைவாக இருக்கும் ஒயினை நேரில் பார்த்துவிடுவது என்று நாங்கள் மூன்று பேர் அத்திப்பட்டிலிருந்து கிளம்பினோம்.

அத்திப்பட்டு என்றதும் 2001ல் வந்த 'சிட்டிசன்' படத்தில் மேப்பிலிருந்து காணாமல் போகுமே, அந்த ஊரா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அத்திப்பட்டி சார். நம்முடையது அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூர் தாண்டினால் முதலில் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. மேப்பில் பத்திரமாக இருக்கிறது. அனல் மின் நிலையத்துப் புகை கொஞ்சம் கீழே இறங்கும் நாட்களில் மட்டும் நேரில் காணாமல் போகும்.

யாத்திரைக்குக் காரணம் தம்பி. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இம்போர்ட் செக்‌ஷனில் வேலை. (இது துறைமுகச் சரக்கு. தப்பாக நினைக்க வேண்டாம்!) அவனுடைய கம்பெனிக்கு பிரான்ஸிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறது, நட்சத்திர ஹோட்டலில் டின்னர், மேனேஜரோடு தம்பியும் போக வேண்டும். பையன் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படித்து வந்தவன். ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பது என்று யூடியூபில் பார்த்து ஒரு வழியாகத் தேறிவிட்டான். ஒயினில் இடித்தது. "சார், அந்த வெள்ளைக்காரரு கிளாஸைச் சுத்திச் சுத்தி மோந்து பார்ப்பாராம். நான் பேந்தப் பேந்த முழிச்சா என் புரமோஷனும் சுத்திடும் சார்" என்றான். நான் அவர்கள் ஆபீஸுக்கு மாதக் கணக்கு எழுதித் தருபவன். பி.காம். படித்தவனுக்கு ஒயின் தெரியும் என்று எப்படி நினைத்தானோ, தெரியவில்லை.

மூன்றாவது ஆள் அண்ணன். வயது 48. கன்டெய்னர் யார்டில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வட்டாரத்தில் அவருடைய மூக்கு பிரசித்தம். காலையில் வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுத்து, "இன்னிக்கு காத்து மணலி பக்கத்துலேர்ந்து வருது, துணி காயப் போடாதீங்க" என்பார். யார்டில் மூடிய பெட்டிக்கு வெளியே நின்றே உள்ளே ரப்பரா, பருப்பா, ஈரமான அட்டையா என்று சொல்லிவிடுவார். எண்ணூரில் 2023 டிசம்பரில் முதலில் கழிமுகத்தில் எண்ணெய், அடுத்து நடு ராத்திரியில் அம்மோனியா என்று ஒரே மாதத்தில் ரெண்டு வந்ததே, அன்றைக்குத் தெருவில் முதலில் எழுந்து கதவு கதவாகத் தட்டியது இவர்தான். 'அங்கே இவர் மூக்கு உதவும்' என்று தம்பி கணக்குப் போட்டான்.

ஆனால் அண்ணன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபது வருஷமாகச் சாயங்காலம் ஒரு குவார்ட்டர், சம்பள நாளில் ரெண்டு. போன வருஷம் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுத்தார். "இனிமே ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்படிப்பட்டவர் எதற்கு வருகிறார் என்று நானே கேட்டேன். "சனி ஞாயிறு வீட்ல சும்மா குந்தினு இருந்தா காலு தானா நடக்குது தம்பி. உங்களோட வந்தா நீங்க புடிச்சுக்குவீங்க. அதுவும் இல்லாம அது ஒயின்தானே, நான் குடிச்ச ஜாதியே வேற" என்றார்.

பெங்களூர் ரயிலில் இந்த 'ஜாதியே வேற' விஷயம் சூடு பிடித்தது. தம்பியும் அதே கட்சி. "ஒயின் லிக்கரே இல்ல சார், பழச்சாறு. ஹார்ட்டுக்கு நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க" என்றான்.

நான் பேனாவை எடுத்தேன். நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பெருக்கினால் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. ரெட் ஒயினில் சுமார் 13.5 சதவீதம். முழு பாட்டில் 750 மில்லி, அதில் ஆல்கஹால் 101 மில்லி. ஆக, ஒரு குவார்ட்டர் அடித்தவன் ஏறத்தாழ முக்கால் பாட்டில் ஒயினைக் கவிழ்த்தவன். திருப்பிச் சொன்னால், முக்கால் பாட்டில் ஒயின் குடித்தவனின் ஈரலுக்கு அது பழச்சாறா, பிராந்தியா என்று தெரியாது. மொத்தம்தான் தெரியும். ஈரல் ஒரு நல்ல ஆடிட்டர். லேபிளைப் பார்க்காது, டோட்டலைப் பார்க்கும்.

ஹார்ட் சமாசாரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. வெண்ணெயும் சீஸுமாகத் தின்கிற பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, ரெட் ஒயின்தான் காரணமோ என்று 1991ல் ஒரு அமெரிக்க டி.வி. நிகழ்ச்சியில் பேசினார்கள். மறுநாளிலிருந்து அங்கே ரெட் ஒயின் விற்பனை எகிறியது. அந்த எகிறல்தான் முப்பது வருஷம் கழித்தும் நம் ஆபீஸ் கேன்டீன் வரை வந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், ஆல்கஹாலில் 'இந்த அளவு வரை பாதுகாப்பு' என்று ஒரு அளவே கிடையாது என்று சொல்லிவிட்டது. அது கேன்டீனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன் அந்தப் பேப்பரை வாங்கி ரெண்டு தடவை பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காட்பாடி வரை பேசவில்லை.

நந்தி மலையைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு வர வேண்டிய பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது அந்தப் பக்கத்து மலைகளில்தான். 2021 மாதிரி வெள்ளம் வந்த வருஷங்களை விட்டுவிட்டால், பாலாற்றில் மணல் பார்த்தவர்கள்தான் அதிகம். "தண்ணி நம்மளைத் தேடி வரலை, நாம தண்ணியைத் தேடிப் போறோம். இதுல என்ன சார் தப்பு?" என்றான் தம்பி. பையன் பிழைத்துக்கொள்வான்.

நாங்கள் போன இடம் பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கத்தில் இருக்கும் குரோவர் தோட்டம். கன்வல் குரோவர் என்பவர் வியாபாரத்துக்காக பிரான்ஸ் போய் வந்து, அங்கே ஒயினில் மனதைப் பறிகொடுத்தவர். மற்றவர்கள் பாட்டிலோடு திரும்பி வருவார்கள். இவர் கொடியோடு வந்தார். ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸெல் என்ற நிபுணரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இந்திய மண்ணில் பிரெஞ்சுத் திராட்சை பிழைக்குமா என்று பல வருஷம் பரிசோதனை. 1988ல் கம்பெனி, 1992ல் முதல் ஒயின். பிறகு போர்தோ பகுதியின் பேர் பெற்ற மிஷெல் ரோலான் ஆலோசகராக வந்தார். 2012ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து 'குரோவர் ஸாம்பா' ஆனது.

ஏன் மலை அடிவாரம் என்றால், அங்கே சுமார் 900 மீட்டர் உயரம். பகலில் வெயில் பழத்துக்குள் சர்க்கரையை ஏற்றும். ராத்திரி குளிர் புளிப்பைக் காப்பாற்றி வைக்கும். அத்திப்பட்டில் ராத்திரியும் வியர்க்கிறது, எனவே நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிரான்ஸில் குளிர்காலம் வந்தால் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போகும். நம் பக்கத்துக் கொடிக்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து. ஒன்று கொடி வளர, ஒன்று காய் பிடிக்க. அறுவடை மட்டும் ஒரு தடவைதான். பி.எஃப். ஒரு வெட்டு, வருமான வரி ஒரு வெட்டு, மிச்சம் ஒரே சம்பளம் என்று வாழ்கிற நமக்கு இது உடனே புரிந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். நம்மிடம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு வாங்கினோம். வருஷம் பூராவும் காய்க்கிற மண். பழம் பெரும்பாலும் பழமாகவே லாரி ஏறிப் போகிறது. விலை விழுந்தால் விவசாயி தலையில் துண்டு. ஊருக்கு ஊர் மதுக்கடை நடத்தத் தெரிந்த மாநிலத்தில், 'இது எங்கள் கம்பத்து ஒயின்' என்று வெளியூர்க்காரனிடம் மார் தட்டிக் காட்ட ஒரு பேர் இன்னும் உருவாகவில்லை. கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்து, கலர் கலந்து, பிராந்தி என்று பேர் வைப்பதில் மட்டும் நாம் புலி. இத்தனைக்கும் உலகத்தில் பிராந்தி என்றால் ஒயினைக் காய்ச்சி வடித்தது என்றுதான் அர்த்தம்!

தோட்டத்தில் சுற்றிக் காட்டினார்கள். ஒயின் திராட்சை சின்னது, தோல் தடிமன், கொட்டை நிறைய. சிவப்பு ஒயினின் சிவப்பு சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்து தோலை எறிந்துவிட்டால் சாறு ஏறக்குறைய வெள்ளைதான். தோலோடும் கொட்டையோடும் சேர்த்து நொதிக்க விடும்போதுதான் சிவப்பு இறங்குகிறது, கூடவே துவர்ப்பும் இறங்குகிறது. அதற்குப் பிறகு ஓக் மரப் பீப்பாயில் சில மாதம் தூங்க வைக்கிறார்கள். பீப்பாய் அறையில் நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "எங்க பாட்டி வூட்டு நெல்லுப் பத்தாயம் தம்பி" என்றார்.

கடைசியில் மேஜை. வரிசையாகக் கிளாஸ். எல்லாவற்றையும் விவரித்தால் ஆசிரியர் பக்கம் தர மாட்டார், எனவே நேரே 'லா ரிஸர்வ்' என்ற சிவப்புக்கு வருகிறேன். கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்று ரெண்டு திராட்சையின் கலப்பு, ஓக்கில் ஊறியது.

தம்பி கிளாஸை டீக்கடை கிளாஸ் மாதிரி விளிம்போடு தூக்கினான். தண்டைப் பிடிக்க வேண்டும். கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறிவிடும். சூடு என்றதும் ஒரு எச்சரிக்கை. ரெட் ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாறவும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். அது ஐரோப்பாக்காரனுடைய அறை, 16லிருந்து 18 டிகிரி. மே மாதத்து மீஞ்சூர் அறையில் வைத்தால் அது ஒயின் இல்லை, கஷாயம். அரைமணி நேரம் ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுப்பதில் எந்த கௌரவக் குறைச்சலும் இல்லை.

வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்ற வேண்டும், வாசனை எழும்பும். மூக்கை உள்ளே விட வேண்டும். (கூச்சப்படக் கூடாது.) பிறகு ஒரு வாய். விழுங்காமல் நாக்கில் புரட்டி, பல் இடுக்கால் கொஞ்சம் காற்றை இழுத்து, ரசத்தை உறிஞ்சுவது மாதிரி ஒரு சத்தம் கூடப் போடலாம். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அடி வாங்கித் தந்த சத்தத்துக்கு இங்கே மரியாதை!

நான் சுவைத்தேன். முதலில் நாவல்பழம். நடுவில் மிளகு. கடைசியில் வாய் முழுக்க துவர்ப்பு, வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. அதை 'டானின்' என்கிறார்கள். பழகாதவனுக்கு அதை விளக்குவதற்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகத் தவிக்கின்றன. நமக்குக் கடுக்காயும் பாக்கும் தெரியும், அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலியே போட்டு வைத்திருக்கிறோம். தம்பிக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "அட, இது தெரிஞ்ச ருசிதான் சார்!"

அந்த மிளகும் கற்பனை இல்லை. ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை தருகிற பொருளை ஆஸ்திரேலியாவில் 2008ல் கண்டுபிடித்தார்கள். ரொட்டண்டோன் என்று பேர். நம் மிளகில் இருப்பதும் அதேதான். எனக்கு இதில் ஒரு குஷி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யவனர்கள் கப்பலில் ஒயின் கொண்டுவந்து இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டிய மன்னனிடம் அந்த யவன மதுவைப் பற்றிப் பேசுகிறார். 1945ல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அந்த ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இறக்குமதி ஒயின், ஏற்றுமதி மிளகு. இம்போர்ட் செக்‌ஷன் தம்பிக்கு இதைச் சொன்னதும், "டின்னர்ல இதை எடுத்து விடறேன் சார்" என்று செல்லில் குறித்துக்கொண்டான்.

இந்த நேரத்தில் அண்ணன் கிளாஸ் அப்படியே இருந்தது. மேஜை நடுவில் ஒரு பாத்திரம். எதற்கு என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு ஒயின் பார்க்கிற நிபுணர்கள் எல்லாவற்றையும் விழுங்கினால் வீடு போய்ச் சேர முடியாது, எனவே சுவைத்துவிட்டு அதில் துப்பிவிடுவார்கள் என்றேன்.

"துப்பலாமா?"

"துப்பலாம். அதான் முறை."

பாத்திரத்தையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப துப்புனா கணக்குல வருமா தம்பி?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். வரவு எழுதி அதே நிமிஷம் செலவும் எழுதினால் பேலன்ஸ் பூஜ்யம், பி.காம். முதல் வருஷப் பாடம். ஆனால் புத்தகத்தில் என்ட்ரி இருக்குமே! "வாயிலேயே கொஞ்சம் இறங்கும் அண்ணே" என்றேன். "அதோட, துப்பறதுக்கு முன்னால ஒரு செகண்ட் வாய்ல இருக்கும் இல்ல, அந்த ஒரு செகண்டை உங்க நாக்கு மறக்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து. அன்றைக்கு நாலாவது தடவை. "எங்க இருக்கீங்க?" என்பது எங்களுக்கே கேட்டது. "திராட்சைத் தோட்டத்துல" என்றார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "இல்ல... இல்லம்மா... மோந்துதான் பாக்குறேன்" என்றார். உலகத்தில் எந்தப் புருஷனும் எந்த மனைவியிடமும் இப்படி ஒரு விளக்கம் சொல்லியிருக்க மாட்டான். சொன்னாலும் எடுபட்டிருக்காது.

போனை வைத்துவிட்டு கிளாஸைத் தண்டில் பிடித்துத் தூக்கினார். மூக்கை விட்டார். சுழற்றினார். மறுபடி விட்டார். கால் மணி நேரம் இருக்கும். "நாவப்பழம்... கொட்டையோட. மொளகு. பழைய பீரோ தொறந்தா வருமே, அது. அப்புறம் மழைக்கு முன்னாடி செம்மண்ணு. கடைசில லேசா புகை, நம்ம ஊரு புகை இல்ல, வெறகடுப்பு." எங்களைச் சுற்றிக் காட்டிய இளைஞர் கையில் இருந்த குறிப்பை எட்டிப் பார்த்தேன். கறுப்புப் பழங்கள், மிளகு, ஓக், புகை. செம்மண் மட்டும் அதில் இல்லை. அடுத்த மேஜை பெங்களூர் ஐ.டி. கோஷ்டி தங்கள் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வரிசையில் நின்றது.

2001ல் பிரான்ஸின் போர்தோவில் ஒரு ஆராய்ச்சியாளர், பிரெடெரிக் புரோஷே என்று பேர், ஒயின் படிக்கிற மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்கள் பெரும்பாலும் செர்ரி, பிளம் என்று சிவப்பு ஒயினின் வாசனைகளை எழுதித் தந்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. லேபிள் படிக்காமல், விலை கேட்காமல், நிறத்தைக்கூடப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மோந்த அண்ணனை அந்த வகுப்பில் உட்கார வைத்திருந்தால் புரோஷேயின் ஆராய்ச்சி கெட்டுப்போயிருக்கும்.

"ஒரு வாய் ஊத்தட்டுமா சார்?" என்று இளைஞர் அவர் கிளாஸை நிரப்ப வந்தார். அண்ணன் பந்தியில் சாம்பார் வேண்டாம் என்பது போல உள்ளங்கையைக் கிளாஸ் வாய் மேல் வைத்து மூடினார். கை கொஞ்சம் நடுங்கியது. முதலிலேயே ஊற்றி வைத்தது அப்படியே இருந்தது. தம்பி சத்தமில்லாமல் அதை எடுத்துப் பாத்திரத்தில் கவிழ்த்தான்.

திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் கூடையில் கறுப்புத் திராட்சை. 'பெங்களூர் புளூ' என்கிறார்கள், இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அண்ணன் கூடையை மோந்து பார்த்து ரெண்டு கிலோ வாங்கினார். பேரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கும்மிடிப்பூண்டி லோக்கல் புதுநகரில் நின்றபோது, பிளாட்பாரத்தில் அண்ணி நின்றிருந்தார். சின்னப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார். எங்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார். "ரயில்ல கசங்கிப் போச்சு பாருங்க" என்று அண்ணனின் சட்டைக் காலரைச் சரி செய்கிற மாதிரி அருகில் வந்தார். காலர் சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பையை வாங்கிக்கொண்டு, "விதை இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும். பாப்பாவுக்கு எடுத்துட்டுக் குடு" என்றார் அண்ணன்.